பாகம்பிரியாள் என்று யார் கூப்பிட்டது

9 செப்டம்பர் 2025, செவ்வாய்

பௌர்ணமிக் கூட்டம் இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை. பால் வாங்கிவர முக்கால் மணி நேரம். வந்து உட்கார்ந்தால் வீட்டில் ஓர் இடி.

தம்பி மகளுக்குப் பெயர் பிடிக்கவில்லையாம். பதினெட்டு முடிந்துவிட்டதால் அவளே எழுதிக்கொடுத்து அரசிதழில் மாற்றிக்கொள்ளலாமாம். பாகம்பிரியாள் போய் அம்ருதா ஆகப் போகிறாளாம். தம்பி சோமசேகரன் தலையைக் குனிந்துகொண்டு இட்லி தின்கிறான். அவன் சம்சாரம் வேதா அடுப்பைப் பார்த்து நிற்கிறாள். எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் கடைசி.

அது எங்கள் அம்மாவின் பெயர். பதினாறாம் நாள் குழந்தையை மடியில் போட்டு, அத்தை என்கிற உரிமையில், காதில் மூன்று தரம் சொன்னவள் நான்.

"என்னைக் கேக்காமலா?" என்றேன்.

"நீங்க வச்சப்ப என்னைக் கேட்டீங்களா அத்தை?" என்கிறாள்.

பதினாறு நாள் குழந்தையைக் கேட்டா பெயர் வைப்பார்கள்?

10 செப்டம்பர்

காரணம் தெரிந்தது. கல்லூரியில் வருகைப் பதிவு எடுக்கும்போது பின் பெஞ்சிலிருந்து "பாகம் ஒண்ணு ஓடிடுச்சா, பாகம் ரெண்டு எப்ப ரிலீஸு" என்று கேட்கிறார்களாம். கேட்டவனை விட்டுவிட்டுப் பெயரைத் தண்டிக்கிறாள்.

போனில் வேறு காட்டினாள். பெண் குழந்தைப் பெயர்களுக்கென்றே ஒரு பக்கம். பொருள்: பங்கு பிடித்தவள். அதிர்ஷ்ட எண் மூன்று. பிரபலம்: ஐந்தில் அரை நட்சத்திரம்.

பங்கு பிடித்தவளாம். சொத்துக்கு வந்து நிற்கிறவளா அவள்? எவன் எழுதினான் இதை? நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். மிச்சத்தைத் தையல் மிஷின் பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்து நானே படித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியவில்லை. சாமியின் இடது பாகத்தைத் தவமிருந்து வாங்கியவள் அம்பாள். அந்தப் பாகத்தில் பிரியம் வைத்தவள் பாகம்பிரியாள். தெற்கே ராமநாதபுரம் சீமையில் அந்தப் பெயரிலேயே அம்மன் இருக்கிறாள். ஆனால் பாகம் கிடைத்தது இந்த மலையடியில். தீபத்தன்று அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து இரண்டு நிமிஷம் ஆடிவிட்டு உள்ளே போகிறாரே, அது எதற்காம்? என் தாத்தா கோயிலில் தீவட்டி பிடித்தவர். அந்த இரண்டு நிமிஷம் முடிந்து வெளியே வந்தவரிடம்தான் ஆள் வந்து சொன்னது, பெண் பிறந்திருக்கிறது என்று. அந்தப் பெண்தான் எங்கள் அம்மா. அப்படி வந்த பெயர் இது.

இதற்கு அரை நட்சத்திரம்.

14 செப்டம்பர், ஞாயிறு

"ஊர்லயே யாருக்கும் இல்லாத பேரு அத்தை" என்றாள். அதையும் பார்த்துவிடுவோம் என்று எதிர்வீட்டு மாறனைப் பிடித்தேன். தேர்தலுக்குச் சாவடியில் உட்காருகிறவன், வாக்காளர் பட்டியல் முழுக்கப் போனில் வைத்திருக்கிறான். டவுன், வேங்கிக்கால், கிரிவலப் பாதை ஊர்கள் எல்லாம் தேடினான். இரண்டு மணி நேரம். இரண்டு காபி.

"ரெண்டு பேரு இருக்காங்க அத்தை. ஒண்ணு உங்க வீட்டுப் பொண்ணு."

இன்னொன்று அடி அண்ணாமலை. வயது எழுபத்தொன்று. கணவர் பெயர் சடையன்.

எங்கே பார்த்தாலும் வர்ஷா. போன வருஷம் வரை தெருவில் மூன்று வர்ஷா. ஒருத்தியைக் கூப்பிட்டால் மூன்றும் திரும்பும். அதெல்லாம் ஐந்து நட்சத்திரம் போல.

15 செப்டம்பர்

முட்டி வலி. அவளோடு பேசவில்லை. அவளும்.

21 செப்டம்பர், ஞாயிறு

ஆட்டோ பிடித்து அடி அண்ணாமலை போனேன். பட்டியலில் இருந்த அந்த இன்னொரு பாகம்பிரியாளைப் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. "பாகம்பிரியாள் வீடு எது?" நாலு கடையில் கேட்டேன். அப்படி ஒருத்தர் இந்த ஊரில் இல்லை என்றார்கள். கடைசியில் இளநீர் வண்டிக்காரர் ஒருவர். அவரும் "இல்லியேம்மா" என்றார். சடையன் சம்சாரம் என்றேன். அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, "நான்தான் சடையன்" என்றார்.

கட்டின பெண்டாட்டியின் பெயர் தெரியாத மனிதர்.

அந்த அம்மாள் பின்னால் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பேரா? அது வோட்டு போடறன்னிக்கு மட்டும் வரும். மத்த நாள்ல பாக்கியம். எங்கப்பா வச்சாரு, வச்சதோட சரி. அவரே பாப்பானுதான் கூப்டாரு. இன்னா அர்த்தம் அது?"

சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லாத்தான் கீது. சாமி பாதி உடம்பு குடுத்துதா? இந்த ஆளு பாதி கட்டில்கூடக் குடுக்க மாட்டான்."

சடையன் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இளநீருக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார்கள், வலுக்கட்டாயமாகக் கொடுத்துவிட்டு வந்தேன். எழுபத்தொரு வருஷம் ஒரு பெயரைச் சுமந்திருக்கிறாள், அதற்கு அர்த்தம் சொல்ல ஒரு நாதி இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் ஆத்திரம். யார்மேல் என்றுதான் பிடிபடவில்லை.

5 அக்டோபர், ஞாயிறு

இன்று எழுதாமல் இருக்க முடியாது.

மத்தியானம் சாப்பாட்டில் மறுபடி ஆரம்பித்தேன். அம்மாவின் பெயரை அழிக்கிறாய் என்றேன். அவள் தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னாள்:

"அத்தை, பதினெட்டு வருஷத்துல இந்த வீட்டுல யாராவது ஒரு தடவ என்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கீங்களா? அம்மு, அம்மு, அம்மு. நீங்களும்தான். எனக்கு அந்தப் பேரு காலேஜ்ல சிரிக்கறவன் வாயிலதான் கேக்குது. அம்முவுக்குக் கிட்டக்க வருதுனுதான் அம்ருதா எடுத்தேன்."

சோமுவைப் பார்த்தேன். "எப்படிக்கா? அம்மா பேரைச் சொல்லி வாடி போடின்னு கூப்பிட முடியுமா?" என்கிறான். சரி, அவன் மகன். நீ கூப்பிடலாமே என்று வேதாவிடம் திரும்பினேன். மாமியார் பேரை மருமகள் சொல்வதில்லை, அது எனக்குத் தெரியாதா? தெரியும். கோபத்தில் கேட்டுவிட்டேன்.

வேதா எப்போதும் பேசாதவள். இன்று பேசினாள்.

"ஒரே ஒரு தடவ கூப்டேன் அண்ணி. மூணு வயசுல பால் குண்டானைக் கவுத்துட்டா. பாகம்பிரியா, கொழுப்பாடி உனக்குன்னு முதுகுல ஒண்ணு வச்சேன். மிஷின்லேந்து எழுந்து வந்து நீங்க என்ன சொன்னீங்க?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"எங்கம்மா பேரைச் சொல்லி அடிக்கறதுக்கா வச்சேன்னீங்க. உங்கம்மா கட்டில்ல உக்காந்து அழுதாங்க. பதினோரு நாள் என் கையால சாப்பிடல நீங்க. அப்புறம் எனக்கு எங்க நாக்கு வரும்?"

பதினோரு நாள்தான். எண்ணி வைத்திருக்கிறாள்.

நான் செய்தது தப்பா? அம்மா உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அவள் பெயரைச் சொல்லி அடி விழுந்தால்— எந்த மகள் பொறுப்பாள்? யாரை வேண்டுமானாலும் கேட்கட்டும். பொறுக்க மாட்டாள். அதைத்தான் நான் செய்தேன்.

ஆனால் அம்மா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகாவது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. நானும் அம்மு என்றுதான் கூப்பிட்டேன்.

6 அக்டோபர்

மத்தியானம் சாப்பிடவில்லை. வேதா தட்டில் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். சாப்பிட்டேன்.

12 அக்டோபர், ஞாயிறு

அம்மு விண்ணப்பத்தோடு வந்து நின்றாள். சம்மதம் வேண்டுமாம்.

"சட்டப்படி வேணுமா?"

"வேணாம்."

"அப்புறம் எதுக்குக் கேக்கறே?"

"நீங்க அத்தை. அதான்."

தர மாட்டேன் என்றேன். முகம் சுண்டிப்போனது. ஆனாலும் போகவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, "பேப்பர்ல எனக்கு வேண்டியதை எழுதிக்கறேன். வீட்டுல நீங்க எப்படி வேணா கூப்பிடுங்க. கூப்பிடுவீங்களா? அதையும் பாக்கலாம்" என்றாள்.

சவால் விடுகிறாள். என்னிடம்.

15 அக்டோபர்

வேங்கிக்கால் அரசு அலுவலகம் போய் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

19 அக்டோபர், ஞாயிறு

காலையில் குளித்துவிட்டு நேராக அடுக்களைக்குப் போனேன். வேதா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்காராமலே சொன்னேன். இனிமேல் நீ அந்தப் பேரைச் சொல்லலாம். கோபம் வந்தால் சொல்லித் திட்டலாம். ஏன் என்று நான் கேட்க மாட்டேன். இந்த வார்த்தைகளைச் சொல்ல எனக்கு இரண்டு வாரம் பிடித்தது என்பதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

அவள் கீரைக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நாக்கு பழகணும் அண்ணி" என்றாள்.

மன்னிப்பு நான் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

20 அக்டோபர், தீபாவளி

எண்ணெய் வைக்கும்போது நான் கூப்பிட்டேன். முழுப் பெயரும். ஆனால் பாதிதான் வெளியே வந்தது. அவள் திரும்பவே இல்லை. யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

2 நவம்பர், ஞாயிறு

இரண்டாவது தரம் கூப்பிட்டால் திரும்புகிறாள். சோமு இன்னும் அம்முதான். அவனை விட்டுவிட்டேன்.

9 டிசம்பர், செவ்வாய்

தீபக் கூட்டம் போய்த் தெரு காலியாகிவிட்டது.

அரசிதழ் நேற்று போனில் வந்தது. சோமு எல்லோரையும் கூப்பிட்டு வாசித்தான். எங்கள் வீட்டு முகவரி, பிறந்த தேதி, பழைய பெயர், இனி இன்ன பெயரால் அழைக்கப்படுவார் என்று ஒரு வரி. என்னைப் பார்த்தான். எனக்கு இதில் சம்மதம் இல்லை என்று அவனிடமும் சொன்னேன், இங்கேயும் எழுதி வைக்கிறேன். நான் வைத்ததை மாற்ற ஒரு பக்கம் அச்சடித்த காகிதம் போதுமாம். நாளைக்கு வேறொன்று பிடித்தால் இன்னொரு காகிதம். என்ன நாடு.

இன்று காலை ஏழரை மணி இருக்கும். ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து வேதாவின் குரல்.

"பாகம்பிரியா, ஈரத்துண்டைக் கட்டில் மேல போடாதேன்னு எத்தினி தடவடி சொல்றது? எரும."

"எடுக்கறேம்மா. கத்தாத."

எருமை என்றது காதில் விழுந்ததும் எழுந்துவிட்டேன். வாசற்படி வரை போனேன். பிறகு வந்து உட்கார்ந்து, மிச்சமிருந்த மூன்று கொக்கிகளையும் வைத்து முடித்தேன்.