வலப்பக்கம் விழுந்த பூ

ஆடி, இரண்டாம் செவ்வாய்

இப்போதுதான் எழுதப் பழகுகிறேன், எழுத்து கோணல்மாணலாக வருகிறது, மன்னிக்க வேண்டும். ஆனாலும் இன்று என் மனைவி குப்பம்மாளின் பெயரைப் பிழையில்லாமல் எழுதிவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

போன வருடம் அவளுக்குக் காய்ச்சல். அம்மன் தலையில் பூ வைத்து வாக்குக் கேட்டோம். வலப்பக்கம் விழுந்தது. பிழைத்துக்கொள்வாள் என்று நம்பி, திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

இன்று கோயிலில் அவள் தம்பி, "ஈரப் பூ, கனத்துல வுழுந்துச்சு. இதுல இன்னா அற்புதம்?" என்றான்.

"அப்போ ஆத்தா பொய் சொன்னாளாடா?" என்று பூசாரி எகிறினார்.

"நீயே சொல்லு மாமா" என்று மச்சான் என்னைப் பார்த்துக் கேட்டான்.

நான் ஆத்தாவைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பூ தானாக விழுந்தது என்றால் அவளைச் சாகவிட்டது நான். ஆத்தா சொன்னாள் என்றால் கோபத்தை ஆத்தாமேல் போடலாம். ஆத்தா தாங்குவாள். இப்போதைக்கு ஆத்தா சொன்னதாகவே இருக்கட்டும்; அடுத்த வாரம் மனசு மாறினால் அதையும் எழுதுகிறேன்.