மேற்கு வரிசைச் சாம்பல்

மகள் சிபானாட வாப்பாவுக்கு,

சுபஹு தொழுதுவிட்டு இறக்காமத்துச் சோளக் காணிக்குப் போகிறேன். பிட்டும் மீன் ஆணமும் மூடி வைத்திருக்கிறேன்.

படைப்புழுவுக்குக் குருத்தில் சாம்பல் போட்டால் போதும், மருந்தடித்தால் புழுவைத் தின்கிற குளவியும் சேர்ந்து சாகும் என்றேன். "சாம்பலுக்குச் சாகிற புழுவ ஆர் கண்ட?" என்று சிரித்தீர்கள். அந்தக் கோபத்தில்தான் மருந்து அறையைப் பூட்டித் திறப்பை ஒளித்தேன்.

நேற்று, நான் இன்னும் சாம்பல் போடாத மேற்கு வரிசைகளிலும் புழு செத்து விழுந்து கிடந்தது. குருத்தை விரித்துப் பார்க்காமல், அல்லாஹ்ட உதவி என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து உங்கள் சாறனைக் கழுவ எடுத்தால், மடிப்பெல்லாம் சாம்பல்.

கிழக்கு வரிசைகள் மிச்சம். அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டு வெயில் ஏறுமுன் வாருங்கள்.

பஸ்லியா

பி.கு: திறப்பு அரிசி வாளிக்குள் இருக்கிறது. இனி ஒளிக்கத் தேவையில்லை.