தண்ணீர் சேர்த்த சமன்பாடு

பிப்ரவரி 4

அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மூன்று மணிக்கு ஆய்வகத்துக்குப் போனோம், நானும் அமுதா அக்காவும். பத்தாவது தனித்தேர்வர்களுக்கான அறிவியல் செய்முறைப் பயிற்சியை நாங்கள் சத்துணவு ஆக்கும் பள்ளிக்கூடத்திலேயே போட்டுவிட்டார்கள். மத்தியானம் எங்கள் கையால் சோறு வாங்கிய பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கின்றன. "ஆயாம்மா, ஹோம்வொர்க் முடிச்சிட்டீங்களா?" என்று ஒரு வால் கத்தியது. நாளைக்குத் தட்டை நீட்டட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

இன்றைக்குச் சமன்பாடு. போன இரண்டு தடவையும் என்னைக் கவிழ்த்த இடம் இதுதான். மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டேன். அறிவியல் ஒன்றுதான் கழுத்தைப் பிடிக்கிறது. அக்காவுக்கும் அதே கதை. பயிற்சி நடத்தும் பிரபாகர் சாருக்கு வயது குறைவு, பொறுமை அதிகம். "சமையல் மாதிரிதாங்க்கா. இந்தப் பக்கம் என்ன போட்டமோ அதுதான் அந்தப் பக்கம் வரும்" என்றார். இத்தனை வருடமாகச் சமைக்கிறேன், எனக்கு ஒருநாளும் அப்படி வந்ததில்லை.

மீத்தேன் எரிவதை போர்டில் எழுதினார். வலது பக்கம் ஹைட்ரஜன் குறைந்தது. அங்கே இருந்த தண்ணீருக்கு முன்னால் ஒரு 2 போட்டார். பிறகு இடது பக்கம் ஆக்சிஜனுக்கு ஒரு 2. சரியாகிவிட்டது. அக்கா கையைத் தட்டினாள். "அட! கொறைஞ்சா தண்ணி ஊத்துனாப் போதுமா? நம்ம சாம்பாரு கணக்குதான்!" சார் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். ஒரு மண்ணும் புரியவில்லை.

பிப்ரவரி 7

தோள்பட்டை உயிரை வாங்குகிறது. சோற்று அண்டாவை இன்றும் அக்கா ஒருத்தியே இறக்கினாள். அவள் சமையலர், நான் உதவியாளர். இறக்கும்போது கூடப் பிடிக்க வேண்டியது என் வேலை. "நீ சும்மா பிடிச்ச மாதிரி நில்லுடி, யாராவது பாத்தாங்கன்னா கேப்பாங்க" என்று கிசுகிசுத்தாள். கனம் தூக்கினால் கை மேலே எழும்பாமலே போய்விடும் என்று தர்மபுரி ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். தூக்க முடியாதவளை இந்த வேலையில் யார் வைத்துக்கொள்வார்கள்? அக்கா பக்கத்தில் நிற்கும்வரைதான் என் பிழைப்பு.

பிப்ரவரி 11

இந்த மனுஷன் வாயை என்ன செய்வது? பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி லோடு ஏற்றிப் போகிற இடத்திலெல்லாம் "எங்க வூட்ல பத்தாவது எழுதுறாங்க" என்று தம்பட்டம் அடித்திருக்கிறார். இன்று பாப்பாரப்பட்டியில் மளிகைக் கடைக்காரர் கேட்கிறார், "ரிசல்ட்டு எப்பம்மா?" பரீட்சையே இன்னும் வரவில்லை. சண்டை போட்டேன். "பெருமையாத்தானே சொன்னேன் பாஞ்சாலி" என்கிறார். பெருமையாம். மூன்றாவது தடவையும் போனால் நான் தெருவில் நடக்க முடியுமா?

பிப்ரவரி 18

சத்துணவு அமைப்பாளர் சசிகலா மேடம் மே மாதம் ஓய்வு பெறுகிறார். இன்று எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். "என் எடத்துக்கு இந்தக் கூடத்துலேருந்தே ஒருத்தர எடுக்கலாம்னு ஆபீசுல சொல்றாங்க. பத்தாவது பாஸ் இருந்தாப் போதும். ரெண்டு பேரும் பாஸ்னா, சர்வீஸ் யாருக்குக் கூடவோ அவங்களுக்கு."

சர்வீஸ் அக்காவுக்குத்தான் கூட.

வரும் வழியில் அக்கா சொன்னாள்: "யாருக்குக் கெடைச்சா என்னாடி? எனக்குக் கெடைச்சாலும் ஒனக்குக் கெடைச்சாலும் ஒண்ணுதான்." ஆமாம் என்றேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஒன்று இல்லை. அக்கா நாற்காலிக்குப் போய்விட்டால் அடுப்படிக்குப் புதிதாக ஒரு சமையலர் வருவாள். அவள் ஏன் எனக்காக அண்டா தூக்க வேண்டும்? முதல் வாரத்திலேயே என் தோள்பட்டை விஷயம் வெளியே வந்துவிடும். எனக்குக் கிடைத்தால் வருகை எடுக்கலாம், இருப்பு பார்க்கலாம், உப்பு பார்க்கலாம். தூக்க ஒன்றும் இல்லை.

அக்கா ஃபெயிலாக வேண்டும் என்று நினைக்கவில்லை. நினைக்கவே இல்லை.

பிப்ரவரி 20

அக்காவின் சித்தப்பா தவறிவிட்டார் என்று கம்பைநல்லூர் போயிருக்கிறாள். நான் மட்டும்தான் வகுப்பில். இரும்பு ஆக்சிஜனோடு சேர்கிற சமன்பாடு என்று Fe + O₂ → Fe₂O₃ எழுதி, சமன்செய்யச் சொன்னார் சார். இடது பக்கம் ஆக்சிஜன் ஒன்று குறைந்தது. நானும் அக்கா சொன்ன மாதிரியே ஒரு தண்ணீரைச் சேர்த்தேன். சார் டஸ்டரை எடுத்து அழித்தார்.

"இதுல தண்ணி எங்கிருந்துங்க வந்துச்சு? கேள்வியில இல்லாததப் புதுசா சேக்கவே கூடாது. மீத்தேன்ல தண்ணி ஏற்கெனவே இருந்துச்சு, அதனாலதான் அதுக்கு முன்னாடி நம்பர் போட்டோம். இருக்கறதுங்களுக்கு முன்னாடி மட்டும்தான் நம்பர்."

அவ்வளவுதான். பட்டென்று திறந்துவிட்டது. 4, 3, 2. இரும்பு நாலுக்கு நாலு, ஆக்சிஜன் ஆறுக்கு ஆறு. அடுத்து மக்னீசியம் கொடுத்தார், போட்டேன். அலுமினியம், போட்டேன். இன்னும் கொடுங்க சார் என்று நானே கேட்டேன். நானா! பதினைந்து வயதில் இதே பாடத்துக்காகக் கையில் அடி வாங்கிய அந்தப் பாஞ்சாலியா!

கிளம்பும்போது சார் சொன்னார்: "அடுத்த வாரத்திலேருந்து செய்முறை மட்டும்தாங்க, இதுக்கு நேரம் இருக்காது. அமுதாக்காவுக்கு நீங்களே சொல்லிடுங்க." சரிங்க சார் என்றேன்.

பிப்ரவரி 24

அக்கா வந்துவிட்டாள். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள், "அன்னிக்கி என்னாடி நடத்துனாரு?"

"அதே சமன்பாடுதான்க்கா."

"அது நமக்குத்தான் தெரியுமே" என்று அரிசி களையப் போய்விட்டாள். பின்னாலேயே போய்ச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரி 25

சொல்லவில்லை. முட்டை லோடு வந்துவிட்டது, நேரம் இல்லை.

பிப்ரவரி 27

நேரம் இருந்தது.

மார்ச் 3

அக்கா நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். அந்த இரும்புச் சமன்பாட்டைப் புத்தகத்தில் பார்த்துத் தானே போட்டிருக்கிறாள்.

2Fe + O₂ + H₂O → Fe₂O₃ + H₂

இடது பக்கம் ஒரு தண்ணீர். அதில் வந்த ஹைட்ரஜனை என்ன செய்வதென்று வலது பக்கம் தள்ளிவிட்டிருக்கிறாள். விரல் வைத்து எண்ணினேன். இரும்பு இரண்டுக்கு இரண்டு. ஆக்சிஜன் மூன்றுக்கு மூன்று. ஹைட்ரஜனும் சரி. பரீட்சையில் எழுதினால் முட்டை.

"சரியா இருக்காடி?"

"எண்ணிக்கை சரியா இருக்குக்கா."

பொய் சொல்லவில்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அக்காவுக்கு முகமெல்லாம் பல். நோட்டை மூடி ஜன்னலில் வைத்துவிட்டு அண்டாவை இறக்கப் போனாள். எனக்காகவும் சேர்த்து.

மார்ச் 12

பக்கம் பக்கமாகப் போட்டு வருகிறாள். எல்லாவற்றிலும் தண்ணீர். ஒவ்வொரு தடவையும் எண்ணிப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் அதே பதிலைச் சொல்கிறேன். "நீ ஏண்டி மூஞ்சிய உம்முன்னு வச்சிருக்க, காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் என்ன வாத்தியாரா? சார் இருக்கிறார், போய்க் கேட்கட்டும். புத்தகத்தில் விடை இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கட்டும். என் இடத்தில் அவள் இருந்தால் சொல்லுவாளா?

சொல்லுவாள். சித்தப்பா சாவிலிருந்து நேராக வந்து சொல்லிவிட்டுத்தான் குளிக்கவே போவாள். அதை நினைத்தால் அவள்மேல்தான் கோபம் வருகிறது. என்ன ஜென்மம் நான்?

மார்ச் 21

செய்முறைத் தேர்வு முடிந்தது. இரண்டு பேருக்கும் நன்றாக வந்தது. சார் எங்களைப் பார்த்து, "சமன்பாடு ரெண்டு பேருக்கும் ஓகேதானுங்களே?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "எல்லாம் பாஞ்சாலி பாத்து சரின்னு சொல்லிட்டா சார்." சார் என்னைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டினார். நான் தரையைப் பார்த்தேன்.

ஏப்ரல் 10

நாளைக்கு அறிவியல். பஸ்ஸில் சொல்லிவிடுகிறேன். முடிவு பண்ணியாகிவிட்டது. வேலை போனால் போகட்டும்.

ஏப்ரல் 11

பஸ்ஸில் கூட்டம். அக்கா முன்னால் ஏறிவிட்டாள், நான் பின்னால் மாட்டிக்கொண்டேன். பென்னாகரத்தில் இறங்கினால் நேரமாகிவிட்டது என்று ஓடுகிறாள். பரீட்சை நடக்கிற பள்ளிக்கூடத்து கேட்டில்தான் கையைப் பிடித்தேன்.

"அக்கா, தண்ணி சேக்காத. சமன்பாட்டுல புதுசா எதையும் சேக்கக் கூடாது. இருக்கறதுக்கு முன்னாடி நம்பர் மட்டும்தான் போடணும்."

நின்றாள். "என்னாடி சொல்ற? நீதானே பாத்து சரின்னே?"

"எண்ணிக்கை சரின்னுதான்க்கா சொன்னேன்..."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அவளிடம் நான் பார்த்ததே இல்லை. "தப்புன்னா இத்தினி நாளா சொல்லாமயா இருந்திருப்ப? உள்ள போற நேரத்துல வந்து கொழப்புறியா? அந்த நாற்காலி ஒனக்கு அவ்வளவு பெருசாப் போச்சா?" கையை உதறிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அலுமினியமும் ஆக்சிஜனும் வந்திருந்தது. 4, 3, 2. எழுதினேன்.

திரும்பும்போது அக்கா எனக்காகக் காத்திருக்கவில்லை.

ஏப்ரல் 16

பேசுவதில்லை. அண்டாவை மட்டும் வழக்கம்போல அவளே இறக்குகிறாள். நான் போய் ஒரு பக்கம் பிடித்தால், "விடு, ஒன் கை போயிடும்" என்கிறாள், முகத்தைப் பார்க்காமல். இதற்கு அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

மே 16

பாஸ்.

அக்காவுக்குப் பாஸாக இரண்டு மார்க் குறைவு. அந்தச் சமன்பாட்டுக் கேள்வி ஒன்றுக்கே நாலு மார்க்.

இவர் இனிப்பு வாங்கிக்கொண்டு தெருவெல்லாம் கொடுக்கிறார். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

மே 19

அக்கா வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றியபோது சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"செல்லுல ஆன்சர் பாத்தேன் பாஞ்சாலி. தண்ணியே இல்ல. நீ கேட்டுல சொன்னது நெசந்தான். அன்னிக்கித்தான் ஒனக்கே தெரிஞ்சிருக்கும்போல, ஓடி வந்து சொன்னே. நாந்தான் ஒன்னெ நம்பல. போஸ்டுக்காக நீ கொழப்புறேன்னு வாய்க்கு வந்ததப் பேசிப்புட்டேன். இத்தினி வருசம் ஒண்ணாச் சோறாக்கிட்டு எனக்கு ஏன் அப்பிடிப் புத்தி போச்சோ. மனசுல வச்சுக்காதடி."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நாக்கு நுனிவரை வந்தது. சொல்லு, சொல்லு, சொல்லித் தொலையேன் என்று உள்ளே கத்தியது.

"பரவால்லக்கா" என்றேன்.

மே 27

பள்ளிக்கூடம் திறந்தால் சார் வருவார். "பிப்ரவரியிலயே சொல்லச் சொன்னேனே" என்று ஒரு வார்த்தை விட்டால் போதும். அதற்குள் நானே சொல்லிவிடுவது மேல். தினமும் இதைத்தான் நினைக்கிறேன், தினமும் துணி துவைத்தே பொழுது முடிகிறது.

ஜூன் 4

பிரபாகர் சாருக்கு மாறுதல். அரூர் பக்கம் போய்விட்டாராம். கேட்டதும் நிம்மதியாக மூச்சு வந்தது. அப்படி மூச்சு விட்டதை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

ஜூன் 20

உத்தரவு வந்துவிட்டது. இன்றிலிருந்து நான் அமைப்பாளர். அக்காதான் நாற்காலியைத் துடைத்து என்னை உட்காரவைத்தாள்.

ஜூலை 2

அக்கா துணைத்தேர்வுக்குப் பணம் கட்டியிருக்கிறாள். இங்கே இல்லாவிட்டாலும் வேறு கூடத்தில் இடம் வந்தால் பார்க்கலாமே என்கிறாள். பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு நோட்டோடு வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள். "மொதல்லேருந்து சொல்லிக் குடுடி. இனிமே நீ என்ன சொன்னாலும் எதிர்க் கேள்வி கேக்காம நம்புறேன்."

இரும்பை எழுதினேன். புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது, இருப்பதற்கு முன்னால் எண் போட வேண்டும், சின்ன எழுத்தில் இருப்பதைத் தொடக் கூடாது என்றேன். ஒரு தடவை தப்பாகப் போட்டாள். இரண்டாவது தடவை சரி. அலுமினியத்தை நான் சொல்லாமலே முடித்தாள். பாத்திரம் ஊறப் போட்டிருந்தது, அது ஊறி முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அட, இவ்ளோதானா? இத மட்டும் நீ அப்பவே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தவள், நாக்கைக் கடித்துக்கொண்டாள். தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இல்ல இல்ல, நீ தெரிஞ்ச ஒடனே வந்து சொன்னே. நாந்தான் கேக்கல. இல்லியாடி?"

"ஆமாக்கா" என்றேன்.