சாவடி தாண்டி வந்த காற்று

மச்சான்,

இன்று ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு வெளியே நிற்கும்போது உங்கள் நினைவு வந்தது. நம் மகளின் பேத்தி மாதம் நிறையாமல் பிறந்து உள்ளே பெட்டியில் கிடக்கிறாள். பாதத்தில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கை ஒட்டியிருக்கிறார்கள். இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அது எண்ணாகக் காட்டுகிறது. எண் ஏறியது. நர்ஸ் வந்து ஆக்சிஜனைக் குறைத்தாள். நம் மகள் பதறிப்போய், "ஏன் உம்மா குறைக்கிறாங்க?" என்றாள்.

அவள் பிறந்தபோது இந்த எண்ணெல்லாம் ஏது? பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. காரைக்காலைச் சுற்றி இந்திய அரசின் சுங்கச் சாவடிகள், எந்தச் சரக்கையும் உள்ளே விடமாட்டார்கள். துணி கேட்டாலும் மருந்து கேட்டாலும் கடைக்காரர் கையை விரித்தார். உங்களுக்கோ அது விளையாட்டு. "இல்லாததுன்னு எதுவும் இல்ல புள்ள. சாவடிக்கு அந்தாண்ட இருக்கு, அவ்வளவுதான்" என்பீர்கள். அந்த மிதப்பு எனக்குப் பிடிக்கும். சில நேரம் எரிச்சலாகவும் வரும்.

மகளும் மாதம் நிறையாமல், ஒரு கைக்குள் அடங்குகிற அளவில் பிறந்தாள். டாக்டர் அவளைப் பஞ்சில் சுற்றி, கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டியில் வைத்தார். சுற்றிலும் வெந்நீர் பாட்டில்கள். ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து ஒரு குழாய். அவள் உதட்டில் கொஞ்சம் நிறம் வந்ததும் வால்வைத் திருகிக் குறைத்துவிட்டு, அவசர வேலையாகப் பாண்டிச்சேரி போய்விட்டார். ஏன் குறைத்தார் என்று சொல்லவில்லை. காற்று தீரப்போகிறது, மனுஷன் மிச்சம் பிடிக்கிறார் என்று நாமே முடிவு கட்டினோம். சாவடிகளுக்கு நடுவே அடைபட்டுக் கிடந்த ஊரில் வேறு எப்படி நினைக்கத் தோன்றும்?

நீங்கள் நாகப்பட்டினம் போனீர்கள். தெரிந்தவரிடம் ஒரு சிலிண்டர் வாங்கி, வண்டியில் வைக்கோலுக்கு அடியில் மறைத்து, சாவடிக்காரனோடு சிரித்துப் பேசிக்கொண்டே திருமலைராயன்பட்டினம் வழியாகக் கொண்டுவந்தீர்கள். அதை மாட்டி முழுசாகத் திறந்துவிட்டதும் மகளின் உதடு செக்கச் செவேலென்று ஆனது. நீங்கள் சிரித்தீர்கள். நான் அழுதேன். டாக்டர் வரும்வரை அது மூடப்படவே இல்லை.

திரும்பி வந்தவர் சிலிண்டரைப் பார்த்தார். சத்தம் போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

"காத்து இல்லாம நான் குறைக்கலங்க. அது அளவுக்கு மிஞ்சிப்போனா இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குக் கண்ணு போயிடுதுன்னு வெளிநாட்டுல இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க."

நீங்கள் வால்வில் கை வைத்தீர்கள். "மூடுனா மூச்சு நின்னுடாதா, டாக்டர்?"

"நிக்கலாம். அளந்து பாக்க நம்மகிட்ட ஒண்ணும் கிடையாது. உதட்டப் பாருங்க. நீலமானா கொஞ்சம் தொறங்க. செவந்தா மூடுங்க."

அதன்பிறகு நாம் பார்த்ததெல்லாம் அந்த உதட்டைத்தான். வால்வில் உங்கள் கை, பெட்டிமேல் என் கை. ஒருமுறை நீலம் படர்ந்து நெஞ்சு ஏறி இறங்காமல் நின்றது. நான் அல்லாஹ்வைக் கூப்பிட்டேன். ஆனாலும் நீங்கள் துளிதான் திறந்தீர்கள். அந்தத் துளியோடு நிறுத்த உங்களுக்கு எவ்வளவு மனத்திடம் வேண்டியிருந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். மூச்சு வந்தது. உடனே மூடினீர்கள்.

பிள்ளை பிழைத்தாள். வீட்டுக்கு வந்து சில மாதம் கழித்து விளக்கை முகத்துக்கு நேரே அசைத்துப் பார்த்தோம். வலது கண் விளக்கின் பின்னாலேயே நகர்ந்தது. இடது கண் அசையவில்லை, அதன் கருமணிக்குப் பின்னால் வெள்ளையாகத் தெரிந்தது. நீங்கள் விளக்கைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனீர்கள்.

சாவடிக்கு அந்தாண்ட எல்லாம் இருக்கிறது என்று அதற்குப் பிறகு நீங்கள் சொல்லிக் கேட்டதில்லை. கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் அவளுக்கு இடப்பக்கமே இருந்தீர்கள், அவளுக்குக் கண் தெரியாத பக்கத்தில். கல்யாணத்துக்கு முன்னால் அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னீர்கள். அவள் யோசித்துவிட்டு, "அந்த வண்டி வரலன்னா நான் இருந்திருப்பேனா வாப்பா?" என்று கேட்டாள். அதற்கு டாக்டரிடமும் பதில் இருந்திருக்காது.

இன்று நான் அவளிடம், "குறைக்கட்டும்மா. கண்ணுக்காகத்தான்" என்றேன். அவள் கையை நீட்டி என் கையைத் தேடிப் பிடித்தாள். அப்போதுதான் கவனித்தேன், நான் அவளுக்கு இடப்பக்கம் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் போனதிலிருந்து அங்கேதான் நிற்கிறேன், மச்சான்.