வெங்காயப் பையில் ஒளித்த கிழங்குகள்

அத்தை,

இன்று காலை தள்ளுவண்டியில் சின்ன வெங்காயம் வாங்கினேன். பையை அடுக்களையில் கொட்டியதும் மண்ணும் காய்ந்த தொலியும் கலந்த வாடை எழுந்தது. உடனே உங்கள் சிரிப்பு காதில் கேட்டது. நாம் செய்த திருட்டுக்கெல்லாம் சின்ன வெங்காயம்தானே துணை!

ரெயின் லில்லிக் கிழங்கும் சின்ன வெங்காயமும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மழை பெய்த மறுநாள் தொட்டி நிறையப் பூக்கும் அந்தச் செடிமேல் எனக்குப் பைத்தியம். அதை வளர்ப்பவர்களின் குழு வருடத்துக்கு ஒருமுறை ஒத்தக்கடையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கிழங்கு விற்பனை நடத்தும். மாமா தவறியபின் நீங்கள் உசிலம்பட்டியை விட்டு எங்களோடு கோச்சடைக்கு வந்த வருடம், வீட்டில் தனியாக விட மனமில்லாமல் உங்களையும் அங்கே கூட்டிப்போனேன்.

"காய்க்காத செடிக்கா இம்புட்டுத் தூரம் போறோம்?" என்று பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வந்தீர்கள்.

மண்டபத்தில் ஒவ்வொரு தட்டுக்குப் பக்கத்திலும் அந்தப் பூவின் படம் ஒட்டியிருந்தது. ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டீர்கள். "ஏத்தா, இது நம்ம செவலைக் கன்னுக்குட்டி நெறம்ல?" அவ்வளவுதான், நீங்களும் அந்தப் பூவின் ஆசையில் விழுந்துவிட்டீர்கள். குழுக்காரர்கள் வைத்திருந்த ஆங்கிலப் பெயர்கள் உங்கள் வாயில் நுழையவில்லை. செவலை, மயிலை, காரி என்று மாட்டுக்கு வைக்கும் பெயரையெல்லாம் பூவுக்கு வைத்தீர்கள். விற்பவர்களும் அடுத்த வருடத்திலிருந்து "அம்மா, புதுசா ஒரு மயிலை வந்திருக்கு" என்று உங்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நாலு கிழங்கு வாங்கப் போனவர்கள் இரண்டு பை நிறைய அள்ளிக்கொண்டு திரும்புவோம். வீட்டில் செலவு தெரியாமலிருக்க, வரும் வழியில் வெங்காயம் வாங்கி மேலே பரப்பி மூடிவிடுவோம். உங்கள் மகன் ஒருநாள் பையைத் தூக்கிப் பார்த்து, "எதுக்கும்மா இம்புட்டு வெங்காயம்?" என்றபோது, "ஊறுகா போடப்போறேன்டா" என்றீர்களே! அதற்காகவே மறுநாள் உண்மையாக ஊறுகாய் போட வேண்டிவந்தது.

அதற்குப் பிறகு உங்கள் முழங்கால் கெட்டது. கூட்டத்தில் கையைப் பிடித்து நடத்த வேண்டும், மேசைக்கு மேசை உட்கார நாற்காலி தேட வேண்டும். ஒரு வருடம் உங்களை உட்காரவைத்துவிட்டு ஓடுவதற்குள், நான் ஆசைப்பட்டிருந்த கோடுபோட்ட இளஞ்சிவப்பை வேறொருத்தி வாங்கிவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வீடு வரும்வரை உங்களோடு பேசவும் இல்லை.

போன வருடம் விற்பனைக்கு ஒரு வாரம் முன்பே துணிப்பையைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தீர்கள். "எப்பத்தா போறோம்?" என்று கேட்டீர்கள். நான் மாவு அரைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "இந்த வருசம் நடத்தலையாம் அத்தை" என்றேன். "அடப்பாவமே" என்று பையை எடுத்து மடித்து வைத்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போனேன். மண்டபத்தில் எல்லோரும் உங்களைத்தான் கேட்டார்கள். "கால் வலி, படுத்திருக்காங்க" என்றேன். அத்தை, மறைக்காமல் சொல்கிறேன்: அன்று நான் அம்புட்டுச் சந்தோஷமாக இருந்தேன். ஓடி ஓடி வாங்கினேன். ஸ்கூட்டர் ரிப்பேருக்கு வைத்திருந்த பணமும் போனது. கோடுபோட்ட இளஞ்சிவப்பும் கிடைத்தது. திரும்பி வரும் பஸ்ஸில் மடிமேல் பையை வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். உங்களைப் பற்றி ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்குப் போன உங்கள் மகன், நான் அங்கே ஒளித்துவைத்திருந்த கிழங்குப் பொட்டலங்களைக் கையில் அள்ளிக்கொண்டு இறங்கினார். "என்ன இது? ஸ்கூட்டருக்குப் பணமில்லைன்னு சொல்லிட்டு இதையா வாங்கி வச்சிருக்க?"

நான் வாயைத் திறக்குமுன் நீங்கள் கட்டிலிலிருந்து சொன்னீர்கள்: "அவளை ஏன்டா வையிற? நாந்தான் வாங்கியாரச் சொன்னேன்."

பொட்டலத்தைச் சுற்றியிருந்த தாளில் குழுவின் பெயர் அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேதியோடு பெரிதாக அச்சிட்டிருந்தது. நீங்கள் எழுத்துக்கூட்டிப் படிப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். அவர் முனகிக்கொண்டே வெளியே போனபின், உங்கள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நின்றேன். நீங்கள் ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

"அங்கன வெயிலு ரொம்பவோ?"

"ஆமா அத்தை" என்றேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய இடத்தில் வெயிலைப் பற்றிச் சொன்னேன். நாளைக்குச் சொல்லலாம், விடுமுறையில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். ஒன்றரை மாதத்தில், காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்து, எங்களை விட்டுப் போய்விட்டீர்கள்.

போன வாரம் இந்த வருட விற்பனை. போகக்கூடாது என்றுதான் இருந்தேன். போனேன். வழக்கம்போலக் கணக்கில்லாமல் வாங்கினேன். ஆனால் மேலே எதையும் போட்டு மூடாமல், பையை உங்கள் மகன் முன்னால் வைத்து, நடந்ததை முழுவதும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் பையை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "பொட்டலத்த எடுத்தாந்த அன்னைக்கு ராத்திரியே அம்மா எங்கிட்டச் சொல்லுச்சு" என்றார். "என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"'என்னையும் இழுத்துக்கிட்டுப் போனா அவளுக்கு இழுவைடா. ஒரு நாளாச்சும் ஆசைதீர ஓடியாடி வாங்கட்டுமே. நீ எதுவும் கேட்டுறாத'ன்னுச்சு. உம்மேல அதுக்குக் கோபமே இல்ல. அழுகாத."

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அவர் சொன்னார். கோபம் இல்லை என்பதை நானும் நம்புகிறேன். ஆனால் எனக்கு அந்த ஒரு சொல்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறது அத்தை. இழுவை. நான் ஒருநாளும் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் நடந்துகொண்டதிலிருந்து நீங்களே அதைக் கண்டுபிடித்து, உங்களுக்கு நீங்களே அந்தப் பெயரை வைத்துக்கொண்டீர்கள்.