செனான் டைஃப்ளோரைடு வளையாது

வலியசாலை,
திருவனந்தபுரம்.

சிரஞ்சீவி வெங்கிடேஷுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் நாக்கு எங்கள் இருவரையும்விடச் சௌக்கியம். பெல்ஜியத்தில் நீயும் உன் ஆராய்ச்சியும் நன்றாக இருக்க பகவானை வேண்டுகிறேன். போனில் சொன்னால் 'ம்' கொட்டிவிட்டு மறந்துபோவாய், அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

ரிசல்ட் வந்துவிட்டது. கல்யாணத்துக்காக நிறுத்திய படிப்பை ஐம்பத்தாறு வயதில் அஞ்சல் வழி பி.எஸ்ஸி.யாக எடுத்து, மற்ற எல்லாத் தாளும் தேறிய உன் அம்மா, கெமிஸ்ட்ரியில் இரண்டே மார்க்கில் போய்விட்டாள். அந்த இரண்டு மார்க் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும், எழுந்து போகாமல் படி. மூலக்கூறுகளின் உருவத்தைக் கண்டுபிடிக்கும் பாடம் இருக்கிறதே, நடு அணுவைச் சுற்றி எத்தனை எலெக்ட்ரான் ஜோடி என்று எண்ண வேண்டும், ஒத்துப்போகாத சம்பந்திகள் மாதிரி அவை முடிந்தவரை தள்ளித் தள்ளி நிற்கும், அதை வைத்து உருவம் சொல்லிவிடலாம். ஊறவைத்த கொத்துக்கடலையில் ஈர்க்குச்சியைக் குத்தி மீத்தேன், அமோனியா எல்லாம் செய்து ஃப்ரிட்ஜ் மேல் வரிசையாக வைத்திருந்தேன். கண்ணுக்கே தெரியாத வஸ்துவுக்கு இவள் அங்க லட்சணம் பார்க்கிறாள், அடுத்தது ஜாதகம் கணிப்பாள் என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லிவைத்தார். சுண்டலில் கடலை குறைந்த வருத்தம் அவருக்கு.

பரீட்சைக்கு முதல் நாள் செனான் டைஃப்ளோரைடில் ஒரு சந்தேகம் வந்தது. பெற்ற பிள்ளையே கெமிஸ்ட்ரியில் டாக்டராக இருக்கும்போது புத்தகம் எதற்கு என்று உனக்குப் போன் செய்தேன். நடுவில் யாருக்கோ யெஸ் யெஸ் என்றாய். பிறகு, தனி ஜோடி இருக்கிறதே அம்மா, தண்ணீர் மாதிரி வளைந்துதான் இருக்கும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். மறுநாள் அந்தக் கேள்வியே வந்தது. நான் எண்ணிப் பார்த்தேன். எந்த ஃப்ளோரினோடும் சேராத தனி ஜோடி மூன்று, அவை செனானின் இடுப்பைச் சுற்றி நிற்கின்றன, ஃப்ளோரின் மேலே ஒன்று கீழே ஒன்று, ஆகவே நேர்கோடு என்று எழுதினேன். எழுதி முடித்ததும் நீ சொன்னது ஞாபகம் வந்தது. பிஎச்.டி. படித்தவன் சொன்னால் தப்பாகுமா என்று, எழுதியதை அடித்துவிட்டு வளைத்து வரைந்தேன். வெளியே வந்து வகுப்பெடுக்கும் ஸ்மிதா டீச்சரிடம் சொன்னபோது, மாமி ஆத்யம் எழுதியது சரியாயிருந்நல்லோ, பின்னே எந்தினா வெட்டியது என்று கேட்டாள். முதலில் எழுதிய சரியான விடையை எதற்கு அடித்தேனாம். என் பையன் சொன்னான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரிசல்ட் பார்த்த அன்று அப்பாகூட ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம் இருக்கிறது. பாதி உன்மேல், பாதி சரியான விடையை அடித்த என் கைமேல். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் யாரும் உன் பட்டத்தைப் பிடுங்க மாட்டார்கள். ஜூனில் மறுபடி எழுதுகிறேன், அதுவரை போனில் என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் சொல், அதில் உன்னை நம்புகிறேன். குளிர் அதிகம் என்கிறார்கள், காதை மூடிக்கொண்டு வெளியே போ. தீர்க்காயுசாக இரு.

இப்படிக்கு,
உன் அம்மா
விஜயம், பி.எஸ்ஸி.
(ஒரு தாள் பாக்கி. உபயம்: டாக்டர் வெங்கிடேஷ்)