இடது கையால் போட்ட பெயர்

மிசிசிப்பி, 1965

அன்பு மகளே,

என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள். இடது கையால் எழுதுகிறேன்.

"குப்பை அள்ளுற கறுப்பனுக்கு ஓட்டு எதுக்குன்னு அடிச்சே கொன்னுடுவாங்கப்பா" என்று சிகாகோவிலிருந்து போனில் அழுதாயே. இருந்தாலும் வாக்காளராகப் பதியப் போனேன். பதிவு நடந்த தபால் நிலைய வாசலில் வெள்ளைக்காரப் போலீஸ் ஒருவன் என்னைக் கீழே தள்ளி, வலது கையைப் பூட்ஸால் மிதித்தான். விரல்கள் சுள்ளி மாதிரி முறிந்தன.

"இப்பப் போடுடா கையெழுத்து, பையா!" என்றான். எழுபது வயதுப் பையன் நான்!

அந்த முட்டாளுக்கு ஒன்று தெரியவில்லை. காலமெல்லாம் எழுதியவனுக்குத்தான் இடது கை வராது. போன மாதம்தான் சர்ச்சில் எழுதக் கற்றுக்கொண்ட எனக்கு இரண்டு கையுமே புதிது! எழுந்து உள்ளே போய் முழுப் பெயரையும் எழுதினேன்.

"தாளெல்லாம் ரத்தம், பெரியவரே" என்றார் வாஷிங்டனிலிருந்து வந்திருந்த அதிகாரி.

"எழுத்து தெரியுதுங்களா?" என்றேன்.

பதிந்துகொண்டார். இனி எனக்கும் ஓட்டு உண்டு!

அன்று ராத்திரி வெள்ளைக்காரர்கள் வந்து நம் ஜன்னலைத் துப்பாக்கியால் சுட்டதை வெர்னீஸ் அத்தை சொல்லியிருப்பாள். கவலைப்படாதே, காற்று நன்றாக வருகிறது. மறுபடியும் வருவார்களாம், வரட்டும். அடுத்த வாரமும் எழுதுகிறேன், எந்தக் கை மிஞ்சியிருக்கிறதோ அந்தக் கையால்.

உன் அப்பா